முளகுமூட்டில் ஒரு வீட்டுத் தோட்டம்

திருச்சியில் இரவில் புகைவண்டி ஏறிய நாங்கள் விடியற்காலையில் நாகர்கோவிலில் வந்து இறங்கினோம். அது 2023-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள், மாசி பிறந்துவிட்டது. தவக்காலம் தொடங்கச் சில நாட்களே இருந்தன. எங்கள் மகளைக் கொடுத்திருக்கும் குடும்பத்தில், மருமகனின் தம்பிக்குத் திருமண ஒப்பந்தம். தவக்காலத்தில் மங்கல நிகழ்ச்சிகளை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அதற்கு முன்னரே நாள் குறித்திருந்தார்கள். பணி ஓய்வு பெற்றவர்களுக்கு நேரத்திற்கா பஞ்சம்? நான்கு நாட்கள் முன்னதாகவே புறப்பட்டுவிட்டோம்.

நாகர்கோவிலிலிருந்து மேற்கே செல்லும் பேருந்து, மண்பாண்டங்களுக்குப் பெயர்பெற்ற சுங்கான்கடையைக் கடந்து, வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம் வழியாகச் செல்கிறது. சோழநாட்டுச் சமவெளியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அவ்வழி நெடுகிலும் ஒரு குழப்பம். எங்கே ஓர் ஊர் முடிகிறது, எங்கே அடுத்த ஊர் தொடங்குகிறது என்பதே புலப்படவில்லை. எங்கள் பக்கத்தில் வீடுகள் ஒன்றையொன்று தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். ஊரைச் சுற்றி வயல் இருக்கும். இங்கோ ஒவ்வொரு வீடும் தனித்தனியே தன் தோட்டத்தின் நடுவில் அமர்ந்திருக்கிறது. தோட்டத்தை அடுத்து மற்றொரு தோட்டம். அதன் நடுவில் மற்றொரு வீடு. ஊர்ப்பெயர்களில் பல ‘விளை’ என்று முடிவதன் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. விளையும் நிலத்திற்குள்தான் இவர்கள் குடியிருக்கிறார்கள்!

நாங்கள் இறங்க வேண்டிய ஊரின் பெயரிலேயே ஒரு கொடி சுற்றிக்கொண்டிருக்கிறது. முளகு என்பது மிளகு. மூடு என்றால் இவ்வட்டார வழக்கில் மரம் செடிகளின் அடிப்பகுதி. ‘தென்னை மூட்டில் தண்ணீர் விடு’ என்பார்கள். ஆக, மிளகுக்கொடியின் அடி என்பதே முளகுமூடு. இங்குள்ள தூய மரியன்னை ஆலயம் 2020-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. பெல்ஜிய நாட்டிலிருந்து அருட்சகோதரி மேரி லூயிஸ் தெ மீஸ்டர் 1897-இல் வந்து சேர்ந்ததும், பின்னாளில் உலகின் பல நாடுகளுக்குப் பரவிய ஒரு துறவற சபை முளைவிட்டதும் இதே மண்ணில்தான். அந்த வரலாறு தனிக் கட்டுரைக்குரியது. நாங்கள் சொல்ல வந்தது ஒரு வீட்டுக் கொல்லையைப் பற்றி.

சம்பந்தி வீடு பெருஞ்சாலையிலிருந்து விலகி, செம்மண் பாதை ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது. மொத்தம் நாற்பது சென்ட் நிலம். அதில் பாதியில் ரப்பர் நிற்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்வோம். மீதியில் வீடும் கிணறும் தோட்டமும். தோட்டத்தின் ஆட்சி சம்பந்தியின் தாயார் கையில். வயது எண்பத்து மூன்று. வீட்டார் எல்லாரும் ‘பாட்டி’ என்பதால் நாங்களும் ‘பாட்டியம்மா’ என்றே அழைத்தோம். அவர்களோ, தலை நரைத்த எங்கள் இருவரையும் ‘மக்களே’ என்றுதான் விளித்தார்கள். நாஞ்சில் நாட்டிலும் விளவங்கோட்டிலும் அந்தச் சொல்லுக்கு வயது வரம்பு கிடையாது.

முதல் நாள் காலை, திருப்பலி முடிந்து திரும்பியதும், சமையலுக்கு ஏதேனும் வாங்கி வரலாமே என்று நாங்கள் பையை எடுத்தோம். பாட்டியம்மா பையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, ஓர் ஓலைக் கடவத்தை எடுத்துக்கொண்டார்கள். “வாங்க மக்களே, எது கூப்பிடுதுண்ணு பாப்போம்” என்று தோட்டத்திற்குள் இறங்கினார்கள்.

இன்று என்ன சமைப்பது என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் கடையும் பணப்பையும் பதில் சொல்கின்றன. அந்த வீட்டில் பதில் சொல்வது தோட்டம். பாட்டியம்மா கத்தரிச்செடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். “கத்தரிக்கா ரெண்டு நாள் பொறுக்கும். வெள்ளரி பொறுக்காது, இண்ணைக்கே பறிக்கணும்.” வெள்ளரி கடவத்திற்குள் விழுந்தது. முருங்கையில் நான்கு காய். வாழைத்தாரின் நுனிச் சீப்பிலிருந்து இரண்டு காய். மாமரத்தில் பிஞ்சுகள் தலைகாட்டியிருந்தன. எட்டிய கிளையில் ஒன்று. கிணற்றடியில் இரண்டு பச்சை மிளகாய். அதற்கு அப்பால், விரல் நகமளவே உள்ள காந்தாரி மிளகாய் வானத்தை நோக்கி நிமிர்ந்து நின்றது, ஒரு பிடி. திரும்பும் வழியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. தை மாதம் தோண்டிய சேனைக்கிழங்கு திண்ணைக்கடியில் நிழலில் கிடந்தது. அதில் ஒரு துண்டு. இவ்வளவுக்கும் ஆன நேரம், நாங்கள் ஒரு காப்பி குடிக்கும் நேரந்தான்.

இத்தோட்டத்தில் பாத்தி கிடையாது, வரிசை கிடையாது. முதலில் பார்ப்பவர்க்கு ஏதோ காடு போலத் தோன்றும். சற்று நின்று பார்த்தால் அதற்கு மாடிகள் இருப்பது தெரியும். எல்லாவற்றிற்கும் மேலே தென்னை. அதற்குக் கீழே பலா, மா, அயனி. அம்மரங்களின் தண்டைப் பற்றிக்கொண்டு நல்லமிளகுக் கொடி. அதற்கும் கீழே வாழையும் முருங்கையும். இடுப்பளவில் சேனையும் சேம்பும் மரச்சீனியும். தரையோடு தரையாக, நிழலைப் பொருட்படுத்தாத இஞ்சியும் மஞ்சளும். மேலே உள்ளவை வடிகட்டித் தரும் வெயிலே கீழே உள்ளவற்றுக்குப் போதுமானதாக இருக்கிறது. தமிழகத்தின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழை ஒன்றையே பெரிதும் நம்பியிருக்க, குமரி மாவட்டத்திற்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. வானம் இருமுறை கொடுப்பதை நிலம் இத்தனை மாடிகளில் வாங்கி வைத்துக்கொள்கிறது.

அடுக்களையில் பாத்திரம் கழுவிய நீர் வெளியே வந்து விழும் இடத்தில் மட்டி வாழை. குமரி மாவட்டத்துக்கே உரிய இந்தச் சின்னஞ்சிறு மணமுள்ள பழம் அதே 2023-ஆம் ஆண்டில் பிற்பாடு புவிசார் குறியீடு பெற்றது. வாழையைத் தாண்டி வழியும் ஈரத்தில் சேம்பு. அரிசி கழுவிய நீரும் புளித்த மோரும் கறிவேப்பிலைக்கு. அடுப்புச் சாம்பல் காய்கறிச் செடிகளுக்கும் கிழங்குக் குழிக்கும். கிணற்றுச் சுவரோரம் துளசி, தூதுவளை, கற்பூரவல்லி, ஆடாதொடை ஆகியவை வரிசையாக இல்லாவிட்டாலும் வரிசையாக நினைவில் இருந்தன. பேரக்குழந்தை ஒருமுறை தும்மியது. பாட்டியம்மா எழுந்து போய் இரண்டு கற்பூரவல்லி இலையுடன் திரும்பினார்கள். வாட்டிப் பிழிந்த சாற்றைக் குழந்தை முகம் சுளித்துக்கொண்டே குடித்தது.

அன்றைய மதிய உணவில் அவியல். திருச்சியிலும் நாங்கள் அவியல் வைப்பதுண்டு. சந்தையில் கிடைக்கும் காய்களை ஒரே அளவில் நறுக்கி, ஒரே நேரத்தில் வேகவைப்போம். பாட்டியம்மா செய்ததைப் பார்த்தபின் நாங்கள் வைப்பது அவியலா என்பதே ஐயமாகிவிட்டது. சேனையும் வாழைக்காயும் முதலில் மண்சட்டிக்குள் போயின. அவை பாதி வெந்த பின் முருங்கைக்காய். கடைசியில் வெள்ளரியும் மாங்காயும். தண்ணீர் கைப்பிடி அளவுதான். வெள்ளரி விடும் நீரே மீதிக்குப் போதும் என்றார்கள். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், ஒரு துண்டு மஞ்சள் ஆகியவற்றை அம்மியில் ஒன்றிரண்டாகச் சதைத்த அரப்பு அதன் மேல். இறக்கி வைத்தபின் பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும், உடனே மூடி. மாங்காய் இல்லாத காலத்தில் தயிர், அல்லது புளி. புளிப்பு இல்லாமல் அவியல் இல்லை. அதற்குக் காரணமும் உண்டு. சேனையிலும் சேம்பிலும் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் போன்ற உப்புப் படிகங்கள் உள்ளன. தொண்டை அரிப்பது அவற்றால்தான். புளிப்பு அந்த அரிப்பை அடக்குகிறது.

மறுநாள் தீயல். தேங்காய்த் துருவலை மல்லி, வற்றல் மிளகாயுடன் சேர்த்துக் கரும்பழுப்பு நிறம் வரும்வரை பொறுமையாக வறுத்து, மையாக அரைத்து, புளிக்கரைசலில் கொதிக்கவிடுவது. இதில் அவசரக்காரர்களுக்கு இடமில்லை. ஒரு நொடி முந்தினால் நிறம் இல்லை, ஒரு நொடி பிந்தினால் கசப்பு. அன்று கத்தரிக்காயின் முறை வந்தது. சொன்னபடியே அது இரண்டு நாள் பொறுத்திருந்தது. கூடவே பலாப்பிஞ்சைக் கொத்தித் தேங்காயோடு வதக்கிய இடிச்சக்கைத் துவரன். மாலையில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும்.

மரச்சீனி என்பது நம் பக்கத்து மரவள்ளிதான். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த இக்கிழங்கைத் திருவிதாங்கூர் மக்களின் உணவாக்குவதில் முனைந்தவர், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இன்றைய குமரி மாவட்டம் அன்று அந்த அரசின் பகுதி. 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றிய 1942-இல், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அந்தப் பஞ்சத்தில் திருவிதாங்கூரின் ஏழைக் குடும்பங்கள் பலவற்றை உயிரோடு வைத்தது இக்கிழங்கே. பாட்டியம்மா அப்போது சிறு குழந்தை. “எங்க அம்மைக்கு அரிசியவிட இதுமேலதான் மரியாதை” என்றார்கள். கிழங்கை நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை முழுவதும் வடித்துக் கொட்டினார்கள். அதில் இயற்கையாகவே உள்ள நச்சுத்தன்மை அவ்வாறுதான் நீங்குகிறது. மூடி போட்டு வேகவைக்கலாகாது என்றும் சொன்னார்கள். வேதியியல் படித்தவர்களும் அதையே சொல்வார்கள்.

அந்த மாலை வேளையில்தான் பேச்சு 2017-ஆம் ஆண்டு பக்கம் திரும்பியது. அவ்வாண்டு நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலோரத்தைத் தாக்கியது. கடலுக்குச் சென்ற மீனவச் சகோதரர்கள் பலர் திரும்பவே இல்லை; அத்துயரம் இன்னும் ஆறவில்லை. கரையிலும் மரங்கள் சரிந்தன. சம்பந்தியின் ரப்பர் மரங்களில் மூன்றில் ஒரு பங்கு ஒரே இரவில் முறிந்து விழுந்தது. வாழைகள் எல்லாம் படுத்துவிட்டன. மின்சாரம் பல நாட்கள் வரவில்லை. பாதை அடைபட்டதால் கடைக்கும் செல்ல இயலவில்லை. கிணற்று நீரை வாளியால் இறைத்தார்கள். அப்போது கார்த்திகை. காச்சிலும் சேனையும் சேம்பும் மண்ணுக்கடியில் முற்றிக் காத்திருந்த நேரம். “காத்து மேல உள்ளதத்தான் கொண்டு போகும்” என்று பாட்டியம்மா சாதாரணமாகச் சொன்னார்கள். அந்த வாரம் முழுவதும் அந்தத் தோட்டத்துக் கிழங்கு, தங்கள் வீட்டோடு அண்டையிலுள்ள நான்கு வீடுகளுக்கும் ஆனது என்பதை எங்களுக்குச் சொன்னவர் மருமகள், பாட்டியம்மா அல்லர்.

இனி, ரப்பரைப் பற்றி. சம்பந்தியின் தந்தை காலத்தில் நாற்பது சென்டும் இத்தகைய தோட்டமாகவே இருந்ததாம். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குக் கிழங்கு உதவாது. ஆகவே பாதியில் ரப்பர் வைத்தார்கள். அதைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமையில்லை; எங்கள் மருமகன் பொறியாளரானதே அந்தப் பாலில்தான். 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டி விற்ற ரப்பர், 2016-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அதன்பின் புயல். இப்போது பால் வெட்ட ஆள் கிடைப்பதும் அரிது.

எஞ்சியிருக்கும் தோட்டத்தின் கதை என்ன? ஒப்பந்தத்திற்கு முந்திய இரவு, சம்பந்தி எங்களிடம் ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினார். குவைத்தில் பணிபுரியும் இளைய மகனுக்குத் திருமணம். அவனுக்கென ஒரு வீடு வேண்டும். மணப்பெண் வீட்டாரும் அதை எதிர்பார்க்கிறார்கள். கிணற்றிலிருந்து தெற்கு எல்லை வரை வீடு. வீட்டைச் சுற்றிக் கார் திரும்புமளவுக்குச் சிமெண்டுக் கற்கள் பதித்த முற்றம். பாஸ்கா விழா முடிந்ததும் வேலை தொடக்கம். ரப்பரை வெட்டிவிட்டு அங்கே கட்டலாமே என்று நாங்கள் கேட்டோம். அந்தப் பக்கத்திற்குப் பாதை இல்லை. பாதைக்காக அண்டை வீட்டாரிடம் இடம் கேட்டு மூன்றாண்டுகளாக நடக்கிறார். மறுப்பதற்கு எங்களிடம் வாதம் ஒன்றும் இல்லை. “அம்மாவுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டோம். “தெரியும்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

மறுநாள் விருந்து நன்றாக நடந்தது. சமையற்காரர்கள் நகரத்திலிருந்து வந்தார்கள். காய்கறி லாரியில் வந்தது. அவியலும் இருந்தது, நல்ல அவியல்தான். பாட்டியம்மா பட்டுப்புடவையுடன் முன் வரிசையில் அமர்ந்து எல்லாருக்கும் ஆசி கூறினார்கள். மாலையில் கூட்டம் கலைந்ததும் அவர்களைக் காணோம். தேடிப் போனால், வேலைக்காரப் பையன் ஒருவனை மம்பட்டியுடன் நிறுத்தி, ரப்பரின் ஓரமாக வேலி நெடுகிலும் குழி வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாசி மாதம் சேனை நடும் பருவமாயிற்றே! முளைக்கண் சிதையாமல் வெட்டிய கிழங்குத் துண்டுகள், சாணக் கரைசலில் தோய்த்து நிழலில் உலர்த்தப்பட்டு வரிசையாகக் கிடந்தன. குழிக்குள் சருகு, சாம்பல், மக்கிய சாணம், அதன்மேல் கிழங்கு, அதன்மேல் மீண்டும் சருகு. ஓரமாக இருபதுக்கும் மேற்பட்ட சிறு மூட்டைகள் இருந்தன. விருந்துக்கு வந்த உறவினர்களில் மண் உள்ளவர் எல்லாருக்கும் ஆளுக்கொரு மூட்டை கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். மீதி இருந்தவை அவை.

“நமக்கும் உண்டா?” என்றோம். “ஒங்களுக்கு மண்ணு எங்க இருக்கு மக்களே?” என்று கேட்டார்கள். அப்போது எங்கள் மொட்டைமாடித் தோட்டத்தின் சோகக்கதையை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஓய்வுபெற்ற மறு மாதமே ஒரு கடையில் விதைப் பொட்டலங்களும் தயார்நிலை மண் மூட்டைகளும் வாங்கினோம். காலையும் மாலையும் தவறாமல் நீர் ஊற்றினோம். தக்காளி முழங்கால் உயரம் வந்து மஞ்சளாகி மடிந்தது. கொத்தமல்லி முளைக்கவே இல்லை. பழியை விதையின்மேல் போட்டு ஆறுதல் அடைந்திருந்தோம். பாட்டியம்மா இரண்டே கேள்விகள் கேட்டார்கள். தொட்டியில் அடியில் ஓட்டை உண்டா? கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்துப் போட்டீர்களா? இரண்டிற்கும் இல்லை என்பதே பதில். “மண்ணுக்குள்ள விரல விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா தண்ணி விடாதீங்க” என்றார்கள். ஆசிரியப் பணியில் முப்பது ஆண்டுகள் கழித்த எங்களுக்கு அது கடைசி பெஞ்சில் அமர்ந்த அனுபவமாக இருந்தது.

திரும்புகையில் எங்கள் பெட்டியின் கனம் இருமடங்காகியிருந்தது. காச்சில் துண்டுகள் நான்கு, மஞ்சள், இஞ்சி, ஈரத்துணியில் சுற்றிய கற்பூரவல்லிக் குச்சி, காந்தாரிப் பழம் ஒரு கை, உலர்ந்த நல்லமிளகு அரைப்படி. மிளகுக்கொடி கேட்டோம், திருச்சி வெயிலில் அது பிழைக்காது என்று தர மறுத்துவிட்டார்கள். புகைவண்டியில் எதிரே அமர்ந்திருந்த அம்மையார் மூட்டையிலிருந்து உதிர்ந்த மண்ணைப் பார்த்து முகம் திருப்பிக்கொண்டார்கள். நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

காச்சிலைப் பெரிய சாக்குகளில், அடியில் துளையிட்டு, சருகும் சாம்பலும் இட்டு நட்டோம். மாடிக் கைப்பிடிச் சுவரில் கயிறு கட்டிக் கொடியேற வழி செய்தோம். விரலை விட்டுப் பார்த்த பின்னரே நீர் ஊற்றினோம். பங்குனி கழிந்தது, ஒன்றும் நிகழவில்லை. பாஸ்கா விழாவும் வந்து போயிற்று. முளகுமூட்டில் வேலை தொடங்கிவிட்டதாக மகள் தொலைபேசியில் சொன்னாள். பலாவையும் மாவையும் வெட்டியாயிற்று. கிணறு மட்டும் இருக்கிறது. வேலியோரச் சேனை முளைத்துவிட்டதாம். பாட்டியம்மா காலையில் கடவத்தை எடுத்துக்கொண்டு அந்த வேலி வரை போய் வருகிறார்களாம்.

சித்திரைக் கடைசியில் நான்கு சாக்குகளில் மூன்று முளைத்தன. ஆடியில் கொடி கயிற்றின் உச்சியைத் தொட்டது. ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்து வந்ததும் பாட்டியம்மாவிடமிருந்து தொலைபேசி வரும். எங்கள் நலம் விசாரிப்பது அப்புறந்தான். கொடி எத்தனை முழம், இலையில் புள்ளி உண்டா என்பதே முதற்கேள்வி. மார்கழியில் இலைகள் பழுத்து உதிர்ந்தபின், சொல்லியபடியே ஒரு சாக்கைக் கிழித்தோம். கிழங்கு இரண்டரைக் கிலோ இருந்தது. பாதியை அவித்து, காந்தாரி மிளகாயும் உப்பும் வெங்காயமும் சதைத்துத் தேங்காயெண்ணெய் விட்டு, மாடியிலேயே அமர்ந்து உண்டோம். மீதிப் பாதியை விதைக்கென்று சாம்பல் தடவித் திண்ணைக்கடியில் வைத்திருக்கிறோம். மற்ற இரு சாக்குகளை மாசியில் கிழிக்கலாம் என்று உத்தரவு. அதில் ஒரு கிழங்கை முளகுமூட்டுக்கே எடுத்து வரவேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். வேலியில் இன்னும் நான்கு குழிக்கு இடம் இருக்கிறதாம்.